வீடு விற்ற பணத்தை அடுத்த வீடு வாங்கும் வரை எங்கே வைப்பது: முழுமையான வழிகாட்டி

வீட்டை விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் பலர் "எந்த பேங்கில் வட்டி அதிகம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வந்த பணத்தில் எவ்வளவு உண்மையில் உங்களுடையது, அதில் எவ்வளவு எந்தத் தேதிக்குள் எங்கே போயாக வேண்டும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால், எங்கே வைப்பது என்பது பாதிக்கு மேல் தானாகவே தெரிந்துவிடும். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது.

இது இந்தியாவில் குடியிருந்து, இங்கே உள்ள வீட்டை விற்று, இங்கேயே இன்னொரு வீடு வாங்கப் போகிறவர்களுக்கானது. வெளிநாட்டில் இருப்பவர் விற்றால் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) முதல் எல்லாமே வேறு. இதைப் படித்துவிட்டு அந்த வழியில் போக வேண்டாம்.

கணக்கு புரிய ஒரே உதாரணத்தை முழுக்க வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ஒரு வீடு. 2009 ஜூலையில் பத்திரச் செலவோடு சேர்த்து 24 லட்சத்துக்கு வாங்கியது. 2025 அக்டோபர் 15 அன்று 90 லட்சத்துக்குக் கிரயம் ஆனது. வீட்டுக் கடன் பாக்கி 12 லட்சம், புரோக்கர் கமிஷன் 1 லட்சம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாங்கியபோது எழுதிய பத்திரம், விற்ற பத்திரத்தின் நகல், புரோக்கருக்குக் கொடுத்ததற்கு ரசீது அல்லது வங்கிப் பதிவு, இடையில் மாடி எழுப்பியிருந்தால் அதற்கான பில்கள், எல்லோருடைய பான் கார்டு. இவற்றை ஒரே ஃபைலில் போடுங்கள். பில் கையில் இல்லாத செலவைப் பின்னால் லாபத்திலிருந்து கழிக்க முடியாது. மாடிக்கு 8 லட்சம் செலவழித்தேன், கொத்தனாருக்கு ரொக்கமாகக் கொடுத்தேன் என்று சொல்பவர்களுக்கு ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வீடு கூட்டாக இருந்தால், யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் எழுதி வையுங்கள். அம்மாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து விற்ற வீட்டுப் பணம் மொத்தமும் மூத்தவர் கணக்கில் வந்து விழுவது நம் ஊரில் சாதாரணம். வரித் துறைக்கு அது மூன்று பேருடைய லாபம். ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தனியாக வரி விலக்கு கேட்க வேண்டும், தனியாகக் கணக்குத் திறக்க வேண்டும். ஆகவே கிரயத்தின்போதே அவரவர் பங்கை அவரவர் பெயருக்கு டிடியாக வாங்கிவிடுவது பின்னால் நிறைய வேலையை மிச்சப்படுத்தும்.

2. பணம் வரும் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்

சம்பளம் வரும் கணக்கில், யூபிஐ இணைத்த கணக்கில் இந்தப் பணத்தை வாங்காதீர்கள். காரணம் இரண்டு. மளிகைக் கடைப் பணமும் வீடு விற்ற பணமும் கலந்துவிட்டால், எந்தப் பணம் எங்கே போனது என்று பின்னால் காட்டுவது தலைவலி. இன்னொன்று, தினமும் கையாளும் கணக்கில் 70 லட்சம் கிடந்தால், ஒரு போலி லிங்க்கைத் தொட்டாலே போதும். புதிதாக ஒரு சேவிங்ஸ் கணக்கு திறந்து, யூபிஐயில் இணைக்காமல், டெபிட் கார்டு வாங்காமல், நெட் பேங்கிங் வரம்பைக் குறைத்து, நாமினி போட்டு வையுங்கள். இதைக் கிரயத்துக்குச் சில வாரங்கள் முன்பே செய்ய வேண்டும். புதிய கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தால் வங்கியே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதுண்டு. விற்பனை ஒப்பந்தத்தின் நகலை முன்கூட்டியே மேனேஜரிடம் கொடுத்துவிட்டால் அது இருக்காது.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழக்கூடும். அட்வான்ஸுக்கும் இது பொருந்தும். கறுப்பில் வந்த 20 லட்சத்தை அடுத்த வீட்டுக்குக் கறுப்பிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்த வீட்டை விற்பவர் முழுவதையும் வெள்ளையில் கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். மேலும், பத்திரத்தில் போட்ட விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வரித் துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும்.

3. உங்களுடையது அல்லாததை முதலில் கழியுங்கள்

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். நம் உதாரணத்தில் 90,000. அது தொலைந்த பணம் ஆகாது. உங்கள் பான் எண்ணில் வரவாக வரும். அடுத்த மாதக் கடைசிக்குள் வாங்குபவர் 26க்யூபி படிவத்தில் கட்டிவிட்டாரா என்று உங்கள் 26ஏஎஸ்ஸில் (உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் பட்டியல்) பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் மறந்துபோகும் ஆட்கள் உண்டு. சாவி கொடுத்து ஆறு மாதம் கழித்து அவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அடுத்தது கடன் பாக்கி. 12 லட்சத்தை அடைத்தவுடன் அசல் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த அடமானப் பதிவையும் ரத்து செய்ய வேண்டும். பெரும்பாலும் இதெல்லாம் கிரயத்தன்றோ அதற்கு முன்போ முடிந்துவிடும்.

90-ல் டிடிஎஸ் 0.9, கமிஷன் 1, கடன் 12 போக 76.1 லட்சம். இதுதான் நாம் இடம் தேடும் பணம்.

4. லாபத்தைக் கணக்கிடுங்கள், கையிருப்பும் லாபமும் ஒன்றல்ல

பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "கடன் அடைத்தது போக 76 லட்சம்தானே வந்தது, அதற்குத்தானே வரி?" என்று கேட்பார்கள். கடன் அடைத்தது லாபத்தைக் குறைக்காது. விற்ற விலையிலிருந்து விற்பனைச் செலவையும் வாங்கிய அடக்கத்தையும் கழித்தால் வருவதே லாபம்: 90 - 1 - 24 = 65 லட்சம்.

2024 ஜூலை 23-லிருந்து நீண்டகால மூலதன லாபத்துக்கு (நம் உதாரணம் போல நெடுநாள் வைத்திருந்து விற்ற சொத்தின் லாபம்) வரி 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை, அதாவது விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் காட்டுவது, கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய வீட்டை இந்தியாவில் குடியிருப்பவர் விற்றால், பழைய முறையில் குறியீடு போட்டு 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம்.

நம் உதாரணத்தில் 2009-10க்கான குறியீடு 148, 2025-26க்கு 376. 24 லட்சம் 60.97 லட்சமாக ஏறுகிறது. லாபம் 28.03 லட்சம்; 20 சதவீதம் என்றால் சுமார் 5.6 லட்சம் வரி. புதிய முறையில் 65 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 8.12 லட்சம். வரிமேல் விழும் செஸ், சர்சார்ஜ் தனி.

அடுத்த வீடு வாங்கினால் இந்த வரி முழுவதையும் தவிர்க்க வழி இருக்கிறது. அதற்கு லாபத் தொகையைப் புதிய வீட்டில் போட வேண்டும். எந்த லாபம், 65-ஆ 28-ஆ? ஆடிட்டர்களிடையே பேச்சு ஓடும் இடம் இது. வாங்கப் போகும் வீடு எப்படியும் 65 லட்சத்தைத் தாண்டும் என்றால், பெரிய தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது. சின்ன வீடாக வாங்கி மீதியைக் கையில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குழப்பம். நீங்கள் விற்றது வீடாக இருந்தால் லாபத்தை மட்டும் போட்டால் போதும். காலி மனையை விற்றிருந்தால் முழு விலக்குக்கு நிகர விற்பனைத் தொகை முழுவதையும் போட வேண்டும். விதி வேறு, பிரிவும் வேறு. மனை விற்ற மாமா சொன்னதைக் கேட்டு வீடு விற்றவர் 89 லட்சத்தையும் முடக்குவதும், வீடு விற்றவர் சொன்னதைக் கேட்டு மனை விற்றவர் லாபத்தை மட்டும் போட்டுவிட்டு வரி கட்டுவதும் வருடா வருடம் நடக்கிறது.

5. நான்கு தேதிகளை எழுதி ஒட்டுங்கள்

கிரயம் 2025 அக்டோபர் 15 என்றால்:

வரிக் கணக்குத் தாக்கல் கெடு: 2026 ஜூலை 31.
கட்டிய வீடாக வாங்கக் கெடு: 2027 அக்டோபர் 14க்குள், அதாவது விற்றதிலிருந்து 2 வருடம்.
கட்டி முடிக்கக் கெடு: 2028 அக்டோபர் 14க்குள், 3 வருடம்.
வரிச் சேமிப்புப் பாண்டில் போடக் கெடு: 2026 ஏப்ரல் நடுவில், 6 மாதம்.

விற்பதற்கு ஒரு வருடம் முன்பு வாங்கிய வீடும் கணக்கில் சேரும். பாண்டு என்றால் ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிதி நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரம். 50 லட்சம் உச்சவரம்பு, 5 வருடம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம். அடுத்த வீடு வாங்குபவருக்கு இது ஒத்துவராது. வாங்கப் போவதில்லை என்று 6 மாதத்துக்குள் மனம் மாறியவருக்கு மட்டும்.

மிக முக்கியமான தேதி ஜூலை 31. அதுவரை பணத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதிக்குள் வீடு வாங்கி முடித்திருந்தால் நல்லது. இல்லையென்றால், செலவாகாத லாபத் தொகை மூலதன லாபக் கணக்குத் திட்டத்தில் (இதற்கென்றே வங்கியில் திறக்கும் தனிக் கணக்கு, 8-ம் பகுதியில் பார்ப்போம்) போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் விலக்கு கேள்விக்குறி.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய ஆட்கள் "ஐம்பத்து நாலு" என்று சொல்வது பழைய எண். நம் உதாரணத்தின் விற்பனை 2025-26 நிதியாண்டில் வருவதால் பழைய சட்டப்படிதான் கணக்கு.

6. முதல் வாரம்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

பணம் கணக்கில் விழுந்த மறுநாளே வங்கியிலிருந்து போன் வரும். "சார், இவ்வளவு பெரிய அமௌன்ட் சேவிங்ஸ்ல சும்மா கிடக்குதே, ஒருவாட்டி பிராஞ்சுக்கு வாங்க." போனால் காபி கொடுத்து, எஃப்டி மாதிரியே ஆனால் அதைவிட நல்லது என்று ஒன்றைக் காட்டுவார்கள். தாளைத் திருப்பிப் பார்த்தால் அது காப்பீட்டுப் பாலிசி. ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது, அல்லது வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டும். அறுபது வயதுக்காரர் ஒருவர் வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருந்த 10 லட்சத்தை இப்படிப் போட்டுவிட்டு, அட்வான்ஸுக்குக் கைமாற்று வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சேவிங்ஸ் கணக்கோடு இணைந்த ஆட்டோ ஸ்வீப் வசதியைப் போடச் சொல்லுங்கள். வரம்புக்கு மேல் உள்ள பணம் தானாக சிறு சிறு எஃப்டிகளாகப் பிரியும். செக் போட்டால் தேவையான அளவு மட்டும் உடையும். பெரிய வங்கிகளின் சேவிங்ஸ் வட்டி இப்போது 2.5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்ட நிலையில், யோசிக்கும் காலத்துக்கு இது போதுமான ஏற்பாடு.

7. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

எப்போது தேவைப்படும் என்பதை வைத்தே பிரிக்க வேண்டும்.

முதல் பங்கு, நாளைக்கே தேவைப்படக்கூடியது. நல்ல வீடு கண்ணில் பட்டால் அட்வான்ஸ், வக்கீல் கட்டணம், இடையில் குடியிருக்கும் வாடகை வீட்டு முன்பணம். 76 லட்சத்தில் 8 முதல் 10 லட்சம். இது ஸ்வீப் கணக்கிலேயே கிடக்கட்டும். வட்டி ஒரு சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்து, திங்கட்கிழமை டோக்கன் கொடுக்க முடியாமல் வீடு கைவிட்டுப் போவதுதான் பெரிய நஷ்டம்.

இரண்டாவது பங்கு, பெரும்பகுதி. கிரயம் நடக்கும் நாளில் தேவை. ஒன்றிரண்டு வாரம் முன்னறிவிப்பு கிடைக்கும். இதற்கு எஃப்டிதான் எளிது. ஆனால் ஒரே எஃப்டியாக 55 லட்சத்தைப் போடாதீர்கள். 5 லட்சம், 10 லட்சம் என்று உடைத்துப் போட்டால், 10 லட்சம் தேவைப்படும்போது ஒன்றை மட்டும் முறிக்கலாம். முன்கூட்டி முறிப்பதற்கான அரை அல்லது ஒரு சதவீத வெட்டும் அதற்கு மட்டும்தான் விழும். 1 கோடிக்கு மேல் ஒரே டெபாசிட்டாகப் போடுபவர்கள், முன்கூட்டி எடுக்க முடியாத வகையில் போட்டுவிடாமல் ரசீதைப் படித்துப் பாருங்கள். அந்த வகைக்கு வட்டி கொஞ்சம் கூடுதல் என்பதால் கவுண்டரில் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

காலம் எத்தனை? ஜூலை 31-ஐத் தாண்டிப் போகும்படி முதல் சுற்றில் போடாதீர்கள். அக்டோபரில் பணம் வந்தவர் ஒரு வருட எஃப்டி போட்டால், மூலதன லாபக் கணக்குக்கு மாற்ற ஜூலையில் முறித்தாக வேண்டும். ஜூன் நடுவில் முதிரும்படி போட்டால் தொல்லை இல்லை.

லிக்விட் ஃபண்டு (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) பழகியவர்கள் அதிலும் ஒரு பகுதியைப் போடலாம். ஏழாவது நாளிலிருந்து வெளியேறும் கட்டணம் கிடையாது, விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் வரும். லாபத்துக்கு வரி எஃப்டி வட்டி போலவே உங்கள் வரம்புப்படிதான். ஆக வரியில் பெரிய சலுகை எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் ரீடைல் டைரக்ட் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் 91, 182 நாள் கருவூல உண்டியல் வாங்கலாம். அரசே கடன் வாங்குவதால் பணத்துக்குப் பயமில்லை. இந்த இரண்டுமே தெரியாதவர்கள் வீடு விற்ற பணத்தை வைத்துப் பழக வேண்டாம். எஃப்டி போதும்.

மூன்றாவது பங்கு, வரிக்கு. வீடு வாங்குவது உறுதி என்றால் மூலதன லாபத்துக்கு வரி வராது, ஆனால் இந்த எஃப்டி வட்டிக்கு வரும். 76 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றாலே வருடத்துக்கு நாலரை லட்சம். வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 30 சதவீத வரம்பில் இருப்பவர் மீதி 20-ஐ முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். தவணைகள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15.

அப்புறம் வங்கி எது என்ற கேள்வி. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் மட்டும். 76 லட்சத்தைப் பதினைந்து வங்கிகளில் பிரித்துப் போட்டு யாராலும் நிர்வகிக்க முடியாது. அதனால் வங்கியின் உறுதியைத்தான் பார்க்க வேண்டும். எஸ்பிஐ, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ மூன்றையும், விழ விடக்கூடாத அளவுக்கு முக்கியமானவை என்று ரிசர்வ் வங்கி தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. இவையோ வேறு பெரிய பொதுத்துறை வங்கியோ என இரண்டில் பிரித்துப் போடுங்கள். ஒரு சதவீதம் கூடுதல் வட்டிக்காகச் சிறிய கூட்டுறவு வங்கியில் 50 லட்சம் போடுவது, 5 லட்சத்துக்கு மேல் உள்ளதைப் பாதுகாப்பில்லாமல் விடுவதுதான்.

8. மூலதன லாபக் கணக்கு: ஜூனிலேயே போங்கள்

1988-ல் வந்த திட்டம் இது. பொதுத்துறை வங்கிகளில் நெடுங்காலமாக உண்டு. 2025 நவம்பரில் பல தனியார் வங்கிகளுக்கும் அனுமதி கிடைத்தது. கிராமப்புறக் கிளைகளில் திறக்க முடியாது.

நடைமுறைச் சிக்கல் எங்கே என்றால், கவுண்டரில் இருப்பவருக்கே பல நேரம் இது தெரியாது. "அப்படி ஒரு அக்கவுன்ட்டே இல்லை, எஃப்டி போட்டுக்கோங்க" என்பார். சாதாரண எஃப்டி இதற்குச் செல்லாது; ரசீதில் மூலதன லாபக் கணக்கு என்று இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலோ சென்னையிலோ உள்ள பெரிய கிளைக்குப் போய், திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, படிவம் ஏ கேளுங்கள். கம்ப்யூட்டரில் எந்தத் திட்டக் குறியீட்டில் திறப்பது என்று மண்டல அலுவலகத்தில் கேட்டுச் சொல்லவே சில கிளைகளுக்கு ஒரு வாரம் ஆகும். ஜூலை 29 அன்று போய் நிற்பவருக்கு அந்த ஒரு வாரம் இருக்காது.

கணக்கில் இரண்டு வகை. ஏ வகை சேவிங்ஸ் மாதிரி. பாஸ்புக் உண்டு, வட்டி குறைவு. பி வகை டெபாசிட் மாதிரி. வட்டி கூடுதல், காலம் முடியும் முன் எடுத்தால் வெட்டு. பி-யிலிருந்து நேராகப் பணம் எடுக்க முடியாது. முதலில் ஏ-க்கு மாற்ற வேண்டும், அதற்கு படிவம் பி. ஆக, அட்வான்ஸ் அளவுக்கு ஏ-யிலும் மீதியைச் சில துண்டுகளாக பி-யிலும் போடுவது சரியாக வரும்.

எவ்வளவு போட வேண்டும்? லாபத்தில் இன்னும் வீட்டில் போடாதது மட்டும். ஜூலைக்குள் 10 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால், 65-ல் மீதி 55. கையில் இருக்கும் முழுப் பணத்தையும் இதில் கொட்டுவது தேவையில்லாத வேலை. உள்ளே போன பணத்தை வீட்டுக்கு மட்டுமே எடுக்கலாம், அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. கணக்கு திறந்த ரசீதின் நகலை ஆடிட்டரிடம் கொடுத்து, ரிட்டர்னில் கணக்கு எண், தேதி, தொகை ஏறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். இதன் வட்டிக்கும் வருடா வருடம் வரி உண்டு.

9. வைக்கக்கூடாத இடங்கள்

இதில் முதலிடம் லீஸ் வீட்டுக்கு. ஒத்தி, போக்கியம் என்றும் சொல்வார்கள். வீடு விற்றவர் இடையில் எங்காவது குடியிருக்க வேண்டும். 15 லட்சம் லீஸ் கொடுத்தால் மாத வாடகை இல்லை. கேட்க அருமையாக இருக்கும். சிக்கல் திருப்பி வாங்கும்போது. வீட்டுக்காரர் அந்த 15 லட்சத்தைச் செலவழித்திருப்பார். அடுத்த லீஸ்காரர் வந்து கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். நீங்கள் கிரயத் தேதி குறித்துவிட்டு நிற்கும்போது, "ஆடி முடியட்டும், ஆள் வந்துரும்" என்பார். அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் ஏற்கெனவே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வேறு வழியே இல்லை என்றால் வில்லங்கம் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அந்த 15 லட்சத்தைப் புது வீட்டு பட்ஜெட்டிலிருந்தே நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். என் எண்ணத்தில் மாத வாடகைதான் இந்த இடைக்காலத்துக்குச் சரி. வேறுவிதமாக ஒப்பந்தம் போடாவிட்டால் வீட்டு முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்வதையும் பேசிப் பாருங்கள். சென்னையில் எல்லோரும் கேட்க மாட்டார்கள்தான்.

சொந்தக்காரருக்கு ஆறு மாதக் கைமாற்று, மாதம் இரண்டு வட்டி தரும் பைனான்ஸ், நகைக் கடைத் திட்டம், பெரிய சீட்டு எல்லாம் ஒரே வகை: தேவைப்படும் தேதியில் வராது. கேட்பவரிடம் "வரிக்காக லாக் பண்ணியிருக்கு, எடுத்தா வரி கட்டணும்" என்று சொல்லுங்கள். ஜூலைக்குப் பிறகு அது பெரும்பாலும் உண்மையும்கூட.

பங்குச் சந்தையும் தங்கமும் ஒன்றிரண்டு வருடத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்கு இல்லை. வாங்கும் வாரத்தில் விலை எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நகையாக வாங்கினால் 3 சதவீத ஜிஎஸ்டியும் கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடும்.

10. வீடு பிடித்துவிட்டது: எடுக்கும் வரிசை

முதலில் பட்ஜெட்டைத் திரும்பப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம். 80 லட்சத்து வீட்டுக்கு 7.2 லட்சம். 76 லட்சம் கையில் வைத்துக்கொண்டு 76 லட்சத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இதை மறந்தவர்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் இந்த முறை டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டியவர் நீங்கள்.

வில்லங்கமும் மூலப் பத்திரமும் வக்கீல் பார்த்து முடிக்கும் வரை பணத்தைத் தொட வேண்டாம். மூலதன லாபக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும். மீதியை உடனே ஏ கணக்கில் திரும்பக் கட்ட வேண்டும். பட்டாவில் சிக்கல் என்று தெரியவர இரண்டு மாதம் ஆனால், நீங்கள் சும்மா மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் தடவை எடுக்க படிவம் சி. அடுத்த தடவைகளுக்கு படிவம் டி. முன்பு எடுத்ததை எதற்குச் செலவழித்தீர்கள் என்று அதில் எழுத வேண்டும். 25,000 ரூபாய்க்கு மேல் என்றால், விற்பவர் பெயருக்குக் கோடிட்ட டிடியாகத்தான் வங்கி தரும். ஆகவே கிரயத்துக்கு ஒரு வாரம் முன்பே பி-யை ஏ-க்கு மாற்றிவிட்டு, விற்பவரின் பெயர் பான் கார்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியா என்று பார்த்து டிடி கேளுங்கள். விற்பவர்கள் மூன்று பேர் என்றால் மூன்று டிடி. டிடி எண்களைப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்பதால், பத்திரம் எழுதுபவருக்கு முந்தின நாளே அவை தேவை. சாதாரண எஃப்டியில் உள்ள பங்கைப் பதிவுச் செலவுக்கும் மற்றதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் படிவம் எதுவும் வேண்டாம், ஆர்டிஜிஎஸ் எந்நேரமும் போகும்.

புதிய பத்திரத்தில் வாங்குபவராக, பழைய வீட்டை விற்றவர் பெயரே இருக்க வேண்டும். அப்பா பெயர் வீட்டை விற்று மகன் பெயரில் வாங்கிவிட்டு அப்பாவுக்கு விலக்கு கேட்பது வம்பு. வாங்கிய வீட்டை 3 வருடத்துக்குள் விற்றால் பெற்ற விலக்கும் திரும்பிப் போகும்.

11. மீதி இருந்தால், வாங்காமலே போனால்

கட்டிய வீடு 58 லட்சத்துக்கே முடிந்து, மூலதன லாபக் கணக்கில் 7 லட்சம் நிற்கிறது என்றால், அது மூன்று வருடக் கெடு முடியும் ஆண்டில் மூலதன லாபமாக வரிக்கு வரும். நம் உதாரணத்தில் 2028 அக்டோபர். வீடே வாங்காவிட்டாலும் இதே விதிதான், முழுத் தொகைக்கும். அதற்கான வரியை அந்த ஆண்டின் முன்கூட்டிய வரித் தவணையிலேயே கட்டிவிடுங்கள்.

கணக்கை மூடவும் வங்கியால் தானாக முடியாது. படிவம் ஜி-யில் உங்கள் வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பத்திர நகல், செலவுக் கணக்கு, வரி கட்டிய சலான், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இணைத்து ஆடிட்டர் மூலம் விண்ணப்பித்தால் சில வாரங்களில் வரும். சில சமயம் மாதங்களும் ஆகும். மகள் கல்யாணத்துக்கு அந்த 7 லட்சத்தை நம்பியிருந்தால், கெடு முடிந்த வாரமே விண்ணப்பத்தைப் போடுங்கள்.